வீட்டுக்குள் நுழையும் கங்காணி

'திறன்' என்னும் சொல்லுக்குத் தமிழில் நெடுங்கால மதிப்பு உண்டு. திறனுடையார் என்றால் செய்ய வல்லவர் என்று பொருள். மொழித்திறன், வாசிப்புத் திறன், கணிதத் திறன் என்று பள்ளிக்கூடங்கள் அச்சொல்லை நாள்தோறும் ஆண்டு வருகின்றன. இன்று அது கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. முதலில் திறன்பேசி வந்தது. அதனைத் தொடர்ந்து திறன் தொலைக்காட்சி, திறன் விளக்கு, திறன் பூட்டு, திறன் கேமரா எனக் கருவிகள் அணிவகுத்தன. இவையெல்லாம் கூடியிருக்கும் வீட்டிற்குத் 'திறன் இல்லம்' என்று பெயர். மலாய் விளம்பரங்களில் இதனை 'ரூமா பிந்தார்' என்பர். கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் எழும் புதிய அடுக்குமாடிகளை விற்போர் நீச்சல் குளத்தோடு சேர்த்து இந்தத் திறனையும் விற்கின்றனர்.

புதுமனை புகுவிழாக்களிலும் இம்மாற்றம் தெரிகின்றது. குத்துவிளக்கும் பித்தளைக் குடமும் பரிசாக வந்த இடத்தில், சொன்ன சொல்லுக்குச் செவிசாய்க்கும் ஒலிபெருக்கியும் கைப்பேசிக்குப் படம் அனுப்பும் கேமராவும் வண்ணத்தாள் சுற்றி வருகின்றன. கொடுப்பவருக்குப் பெருமை, பெறுபவருக்கும் பெருமை. ஆறு மாதம் கழித்து அவற்றுள் எத்தனை இயங்குகின்றன என்று கேட்பது நாகரிகம் அன்று என்பதால் எவரும் கேட்பதில்லை.

இக்கருவிகள் பயன் தருவனவா, வெறும் வித்தையா என்னும் வழக்கு இன்று வீடுதோறும் நடக்கின்றது. வாங்கியவர் பயன் என்பர். வாங்காதவர் வித்தை என்பர். இரு சாராரும் கருவியையே பார்த்துப் பேசுகின்றனர். பார்க்க வேண்டியது கருவிக்கு இருபுறமும் நிற்கும் மனிதரை. ஒருபுறம், யாருடைய பாடு அதனால் குறைகின்றது என்று பார்க்க வேண்டும். மறுபுறம், அக்கருவி யாருக்குச் செய்தி சொல்கின்றது என்று பார்க்க வேண்டும். வேலையைச் செய்து முடிக்கும் கருவி ஏவலாள். வேலை செய்வோரையும் வாழ்வோரையும் பார்த்துக்கொண்டிருந்து வேறோர் இடத்திற்குச் சொல்லும் கருவி கங்காணி. திறன் என்ற பெயரால் விற்கப்படுவனவற்றுள் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தது என்பதைத் தமிழர் இல்லங்கள் இன்னும் உணரவில்லை.

ஏவலாளை முதலில் காண்போர் 1955ஆம் ஆண்டிற்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் ஜப்பானின் தோஷிபா நிறுவனம் தானாக அணையும் மின்சாரச் சோற்றுப் பானையை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதனை உருவாக்கியவர் மினாமி யோஷிதாதா என்னும் சிறு தொழிற்கூட உரிமையாளர். ஆனால் அரிசி எவ்வளவு, நீர் எவ்வளவு, சூடு எத்தனை நிமிடம் என்பதை இரவும் பகலும் சோறாக்கிப் பார்த்துக் கண்டறிந்தவர் அவர்தம் மனைவி ஃபுமிகோ. அவர்கள் கண்ட வழி மிக எளியது. உள்பானையில் அரிசியும் நீரும். அதனைச் சூழ்ந்த வெளிப்பானையில் சிறிதளவு நீர். அந்த வெளிநீர் கொதித்து ஆவியாக ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். நீர் இருக்கும்வரை வெப்பம் 100 பாகையைத் தாண்டாது. நீர் வற்றியவுடன் வெப்பம் ஏறும். அந்த ஏற்றத்தில், வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு வளையும். வளைந்தவுடன் மின்னோட்டம் அறுபடும். சோறு வெந்திருக்கும். ஐந்தாம் வகுப்பு மாணவனுக்கும் விளக்கிவிடக்கூடிய அறிவியல் இது. இணையம் இல்லை, செயலி இல்லை, கடவுச்சொல் இல்லை.

அதே 1955இல்தான் கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பவர் மின்சாரத்தால் சுழலும் மாவரைக்கும் ஆட்டுக்கல்லை உருவாக்கினார் என்பர். பின்னாளில் அந்நகரின் அரைப்பானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஊறிய அரிசியையும் உளுந்தையும் கல்லில் இட்டு, ஒரு கையால் குழவியைச் சுழற்றி, மறுகையால் மாவைத் தள்ளிக்கொடுத்து, தோள்பட்டை கழன்று போகும்வரை உட்கார்ந்திருந்த பெண்களின் மாலைப் பொழுதை அக்கருவி மீட்டுக் கொடுத்தது. ஜப்பானியப் பானையும் கோவைக் கல்லும் ஒன்றையொன்று அறியா. ஆயினும் இரண்டிற்கும் பிறப்பிடம் ஒன்றே. பெண்ணின் முதுகு வலி.

மலேசியத் தமிழர்க்கு இதன் அருமை ஏட்டுச் செய்தி அன்று. இரப்பர்த் தோட்டங்களில் பெரட்டுக்கு ஆள் கூடுமுன் எழுந்து, விறகடுப்பை ஊதி, சோறாக்கிக் கட்டிக்கொண்டு, குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரத்திற்குச் சென்ற தலைமுறை இன்னும் பல வீடுகளில் பாட்டிமாராக இருக்கின்றது. லயன் வீடுகள் பலவற்றில் தோட்டத்து எஞ்சின் ஓடும் மாலை நேரத்தில் மட்டுமே மின்சாரம் கிடைத்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் கிள்ளானுக்கும் செந்தூலுக்கும் பெட்டாலிங் ஜெயாவுக்கும் பெயர்ந்து, இருபத்துநான்கு மணி நேர மின்சாரத்தைக் கண்டபோது, அவ்வீடுகளில் முதலில் நுழைந்த கருவிகளுள் சோற்றுப் பானை ஒன்று. அப்பானைக்குத் தமிழ் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. பொத்தானை அழுத்தத் தெரிந்தால் போதும். அவ்வீட்டில் எத்தனை பேர் உண்டனர், எந்த நேரத்தில் உண்டனர், எந்நாள் அடுப்பே மூட்டவில்லை என்பதை அது எவரிடமும் சொன்னதில்லை.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய திறன் கருவிகளைப் பார்த்தால் என்ன தெரிகின்றது? பேச்சுக்கு எரியும் விளக்கை எடுத்துக்கொள்வோர், அது எந்தப் பாட்டைக் குறைத்தது என்று கேட்க வேண்டும். ஆட்டுக்கல்லிலிருந்து தோளை விடுவித்தது அரைப்பான். இவ்விளக்கு விடுவித்தது சுவிட்சிலிருந்து ஒரு விரலை. அவ்விரலுக்கு அதனால் ஓய்வும் இல்லை; செயலியைப் புதுப்பிப்பதற்கும் கடவுச்சொல்லைத் தட்டுவதற்கும் 'இணைப்பு இல்லை' என்ற செய்தியைத் துடைப்பதற்கும் அது பயன்பட்டுக்கொண்டே இருக்கின்றது. அமெரிக்காவில் 2016ஆம் ஆண்டில் ஜூசரோ என்னும் பழச்சாறு பிழியும் திறன் கருவி 699 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. பழத் துண்டுகள் அடைத்த பையை உள்ளே வைத்தால் இணையத்தின் வழி பையைச் சரிபார்த்துப் பிழிந்து கொடுக்கும். அடுத்த ஆண்டில் செய்தியாளர் சிலர் அந்தப் பையை வெறுங்கையால் பிழிந்து பார்த்தனர். கருவி பிழிந்த அதே சாறு, அதே அளவில், ஏறத்தாழ அதே நேரத்தில் வந்தது. 2017 செப்டம்பரில் நிறுவனம் மூடப்பட்டது. கை வேலையைக் கை செய்துவிடும் இடத்தில் கருவிக்கு வேலை இல்லை என்பதற்கு இதனைவிட வெளிப்படையான சான்று கிடைப்பது அரிது.

தரையைத் தானே துடைத்துச் செல்லும் உருளைக்கருவிக்கு ஓரளவு விலக்கு அளிக்கலாம். பகலெல்லாம் வேலைக்குச் சென்று இரவில் வீட்டையும் துடைக்க வேண்டிய பெண்ணுக்கு அது உதவியே. பூசையறை முன் மாவால் இட்ட கோலத்தையும் குப்பை என்று கருதி விழுங்கிவிடும் அறிவுதான் அதற்கு உண்டு என்பது வேறு செய்தி.

இனி, பிரிக்பீல்ட்ஸ் பக்கம் திரும்ப வேண்டும். 1951ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்குதான் இருக்கின்றது. அதனைச் சூழ்ந்த தெருக்களில் வெண்கோல் தட்டி நடப்போரையும், அவர்தம் பாதங்களுக்கு வழிகாட்டப் பதிக்கப்பட்ட புடைப்பு ஓடுகளையும் காணலாம். அப்பகுதியில் வாழும் பார்வையற்ற ஒருவரின் அறையில் அதே பேசும் ஒலிபெருக்கியை வைத்தால் நிலை முற்றும் மாறுகின்றது. மணி என்ன என்று கேட்டால் சொல்லும். விளக்கு எரிகின்றதா, மின்விசிறி நின்றுவிட்டதா என்று கேட்டால் சொல்லும். செய்தித்தாளைப் படித்துக் காட்டும். பக்கவாதத்தால் கட்டிலோடு கிடக்கும் முதியவருக்கும் அவ்வாறே. விரல் அசையாத இடத்தில் குரல் விரலாகின்றது. பங்சாரின் உயர்ந்த மாடியில் விளையாட்டுப் பொருளாக இருக்கும் ஒன்று, அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள பிரிக்பீல்ட்ஸில் ஒருவருக்குக் கண்ணாக இருக்கின்றது. 'இக்கருவி பயனுடையதா?' என்று பொதுவாகக் கேட்போர்க்கு விடையே கிடைக்காது. யாருக்கு என்று சேர்த்துக் கேட்டால்தான் வினா முழுமையாகும்.

விற்போர் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கண்ணற்றவருக்குக் கண்ணாகும் கருவி என்று விளம்பரம் செய்தால் சந்தை சுருங்கும். ஆகவே கை கால் திடமாக உள்ள இளைஞன் நாற்காலியில் சாய்ந்தபடி திரைச்சீலையை மூடச் சொல்லும் படத்தையே காட்டுகின்றனர். உண்மையில் தேவைப்படுவோர் விளம்பரத்தில் இல்லை. விளம்பரத்தில் இருப்போருக்குத் தேவை இல்லை.

இதுவரை சொன்னது வித்தையைப் பற்றி. வித்தையால் பணம் வீணாகும், அவ்வளவே. கங்காணியால் நேரும் கேடு அதனினும் பெரிது.

மலேசியத் தமிழ் ஆசிரியர்க்குக் கங்காணி என்னும் சொல்லை விளக்க வேண்டுவதில்லை. கண்காணி என்பதே வழக்கில் கங்காணி ஆயிற்று. கண்ணால் காணுவதே அவர் தொழில். அவர் அயலாராக வரவில்லை. தம் சொந்த ஊருக்குச் சென்று, தம் மொழியில் பேசி, உறவுமுறை சொல்லி, நல்வாழ்வு காட்டி ஆள் திரட்டினார். கப்பல் ஏறிய பின்னர்த் தோட்டத்தில் அவரே மேற்பார்வையாளர் ஆனார். தம் கீழ் உள்ளோர் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் தலை ஒன்றுக்கு இவ்வளவு என அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. யார் வந்தார், யார் வரவில்லை, யார் யாரோடு பேசினார் என்பதெல்லாம் கிராணியின் பதிவேட்டுக்கும் துரையின் செவிக்கும் சென்றன. 1938இல் இந்திய அரசு உதவி பெற்றுச் செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தபோது கங்காணி வழி ஆள் திரட்டும் முறை முடிவுக்கு வந்தது.

இன்று வீட்டின் கூரை மூலையில் பொருத்தப்படும் கேமராவும் மேசைமீது வைக்கப்படும் ஒலிபெருக்கியும் அவ்வாறே உறவு கொண்டாடி வருகின்றன. பரிசாக வருகின்றன, தள்ளுபடியில் வருகின்றன, 'உங்கள் குடும்பத்தின் பாதுகாவலன்' என்று வருகின்றன. வந்த பின்னர் யார் எப்போது எழுந்தார், யார் வந்து சென்றார், எந்தச் சொல் பேசப்பட்டது என்பது வேறொரு நாட்டுப் பதிவேட்டில் ஏறுகின்றது. பழைய கங்காணிக்குத் தோட்டம் தலைக்காசு கொடுத்தது. புதிய கங்காணிக்கு வீட்டுக்காரரே விலையும் கொடுத்து, படங்களைச் சேமிக்க மாதச் சந்தாவும் கொடுக்கின்றார். வரலாற்றில் எந்தக் கூலியும் தன் கங்காணிக்குத் தன் பையிலிருந்து சம்பளம் கொடுத்ததில்லை.

இது மிகை என்போர் 2023ஆம் ஆண்டு மே மாதச் செய்தியை நினைவுகூர வேண்டும். அமேசான் நிறுவனத்திற்குச் சொந்தமான ரிங் கேமராக்கள் பதிவு செய்த வீட்டு உட்காட்சிகளை அந்நிறுவன ஊழியரும் ஒப்பந்தக்காரரும் பார்க்க வழிவிடப்பட்டிருந்தது என அமெரிக்கக் கூட்டரசு வாணிப ஆணையம் குற்றம் சாட்டியது, 5.8 மில்லியன் டாலர் செலுத்த நிறுவனம் உடன்பட்டது. அதே நாளில் மற்றொரு வழக்கும் வெளியாயிற்று. அலெக்சா என்னும் பேசும் கருவி சிறுவர்களின் குரல் பதிவுகளை நீக்காமல் வைத்திருந்தது என்பது அக்குற்றச்சாட்டு. அதற்கு 25 மில்லியன் டாலர். குழந்தை கருவியிடம் வேடிக்கையாகக் கேட்ட கேள்வி அதன் பெற்றோருக்கே மறந்துபோயிருக்கும், நிறுவனத்திற்கு மறக்கவில்லை. பின்னர் 2025 மார்ச் 28 முதல், குரல் பதிவை நிறுவனத்திற்கு அனுப்பாமல் கருவிக்குள்ளேயே வைத்துக்கொள்ளச் சில கருவிகளில் இருந்த வாய்ப்பையும் அமேசான் நீக்கிவிட்டது.

காவலுக்கு வந்த கருவி கொள்ளைப் படையில் சேர்ந்த கதையும் உண்டு. 2016ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலை இட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விடப்பட்ட வீட்டுக் கேமராக்களையும் இணையப் பெட்டிகளையும் இலட்சக்கணக்கில் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் அப்படை டைன் என்னும் நிறுவனத்தின் கணினிகளைத் தாக்கியபோது பெரிய இணையத் தளங்கள் பல முடங்கின. தம் வீட்டுக் கேமரா அன்று யாருடைய கட்டளைக்கு அடிபணிந்தது என்பது அதன் உரிமையாளருக்குத் தெரியாது. தெருவில் திருடன் வருவான் என்று அஞ்சி வாங்கியது, உலகத்துக் கொள்ளையனுக்குக் கூலியில்லா அடியாள் ஆயிற்று.

திருட்டு அச்சம் பொய்யன்று. கிள்ளான் பள்ளத்தாக்கின் தரைவீடுகளில் சன்னல்தோறும் இரும்புக் கம்பி இருப்பதே அதற்குச் சான்று. வெளிவாயிலை நோக்கிய ஒரு கேமராவை எவரும் குறை சொல்ல மாட்டார். குறை, அது கூடத்திற்கும் அடுக்களைக்கும் படுக்கை அறைக்கும் நகர்ந்து வருவதில் இருக்கின்றது. மகனும் மருமகளும் வேலைக்குச் செல்ல, பன்னிரண்டாம் மாடியில் தனித்திருக்கும் தாயைப் பார்த்துக்கொள்ளக் கூடத்தில் ஒரு கேமராவைப் பொருத்திவிடுகின்றனர். அலுவலகத்திலிருந்து மகன் கைப்பேசியைத் திறந்து பார்க்கின்றான். அம்மா அமர்ந்திருக்கின்றார், அம்மா உண்கின்றார், அம்மா உறங்குகின்றார். எல்லாம் சரி என்று மூடிவிடுகின்றான். அவரோடு ஒரு சொல் பேச வேண்டும் என்று தோன்றியிருக்கக்கூடிய நேரத்தைப் படம் நிரப்பிவிட்டது. தமிழில் கவனிப்பு என்றொரு சொல் உண்டு; கண்காணிப்பு என்றொரு சொல்லும் உண்டு. முன்னதைச் செய்ய வேண்டிய இடத்தில் பின்னதை வைத்துவிட்டு, கடமை முடிந்தது என்று நினைப்போர் பெருகி வருகின்றனர். அத்தாய் சேலை முந்தானையைச் சரிசெய்யும்போதெல்லாம் கூரை மூலையை நிமிர்ந்து பார்க்க நேர்கின்றது என்பதை அந்தப் படம் காட்டினாலும் மகன் கண்ணில் படுவதில்லை. கேமரா வைக்கலாமா என்று அவரை யாராவது கேட்டார்களா? மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கைகளைப் பற்றியது. குடும்ப, இல்லத் தேவைக்காகத் தனிமனிதர் திரட்டும் தரவுக்கு அதில் விலக்கு உண்டு. சட்டம் வாசற்படியில் நின்றுவிடுகின்றது. உள்ளே கேட்க வேண்டியது பிள்ளைகள்தாம்.

கிள்ளானைச் சேர்ந்தோர்க்கு இது தொடர்பாக ஒரு வரலாற்றுக் கடமையும் உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஆர். எச். நாதன் முன்னின்று நடத்த வேலை நிறுத்தம் செய்தனர். அவர்தம் கோரிக்கைகளுள் கூலி உயர்வு இருந்தது, பள்ளி இருந்தது, கள்ளுக்கடை மூடல் இருந்தது. அவற்றோடு, துரைமார் எதிரே வந்தால் மிதிவண்டியை விட்டு இறங்காமல் செல்லும் உரிமையும், உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்திற்கு வந்து போகும் உரிமையும் கேட்கப்பட்டன. தம்மைப் பார்க்க வருவோரை வேறொருவர் பார்த்துக் குறிப்பெடுக்கக் கூடாது என்பது அவ்வேழை மக்களின் தன்மானக் கோரிக்கை. நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, தொழிலாளர் உயிரும் இழந்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று அழைப்புமணிக்குள் கேமரா வைத்து, வருவோர் போவோர் முகத்தையெல்லாம் தாமே விரும்பிப் பதிவுக்கு அனுப்புகின்றனர்.

கருவிக்கு உயிர் எங்கே இருக்கின்றது என்பதும் கேட்கத்தக்கது. பழங்கதையில் அரக்கனின் உயிர் ஏழு கடல் தாண்டி ஒரு கிளிக்குள் இருக்கும். இக்கருவிகளின் உயிரும் அவ்வாறே கடல் தாண்டி இருக்கின்றது. ரிவால்வ் என்னும் வீட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஏறத்தாழ 300 டாலருக்கு விற்கப்பட்டது. அதனை 2014இல் கூகுள் குழுமத்தைச் சேர்ந்த நெஸ்ட் நிறுவனம் வாங்கியது. 2016 மே மாதத்தில் அதன் சேவையை நிறுத்தியது. வாங்கியோர் வீட்டில் பெட்டி பழுதுபடவில்லை. ஆனால் அன்றோடு அது வெறும் பெட்டி. 2025 அக்டோபர் 20ஆம் நாள் அமேசானின் கணினி நிலையம் ஒன்றில், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், கோளாறு நேர்ந்தது. அலெக்சா கருவிகளும் ரிங் கேமராக்களும் செயலிழந்தன. இணையத்தோடு இணைந்த விலை உயர்ந்த மெத்தைகள் சில, சூட்டைக் குறைக்க வழியின்றி உரிமையாளரைத் தவிக்க வைத்தன. தோஷிபா நிறுவனமே கடலில் மூழ்கினாலும் பாட்டி வீட்டுப் பானை சோறாக்கும்.

எல்லா அளவுகருவிகளையும் ஒரே கூடையில் போட்டுத் தள்ளுவதும் நேர்மை அன்று. தெனாகா நேஷனல் பொருத்திவரும் திறன் மின்மானி அரைமணிக்கு ஒருமுறை மின் பயன்பாட்டைக் குறிக்கின்றது. அதுவும் செய்தி சொல்லும் கருவியே. ஆயினும் அச்செய்தியில் வீட்டுக்காரருக்கும் பங்கு உண்டு. தம் கைப்பேசியில் அதனைப் பார்க்கலாம். 2025 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய கட்டண முறையில், விரும்பும் வீடுகள் நேரத்திற்கேற்ற கட்டணத்தைத் தேர்ந்துகொள்ளலாம். திங்கள் முதல் வெள்ளி வரை பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 மணிவரை கட்டணம் கூடுதல். மற்ற நேரத்தில் குறைவு. இதனால் பயன் பெறத் திறன் சலவை இயந்திரம் தேவையா? தேவை இல்லை. வீட்டில் இருக்கும் இயந்திரத்தின் நேரத் திருகைத் திருப்பத் தெரிந்தால் போதும். இரவு 10 மணிக்குப் பின்னர் விழித்திருந்து துணியை உலர்த்தப்போவது யார் என்னும் கேள்விக்குத்தான் மின்மானியிடம் விடை இல்லை.

ஆசிரியர்களுக்கு இவை புதிய செய்திகள் அல்ல. வீடுகளுக்கு முன்பே பள்ளிகள் 'பெஸ்தாரி' ஆக்கப்பட்டன. 1999இல் விவேகப் பள்ளித் திட்டம் தொடங்கிற்று. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்திற்கு மாறியபோது மடிக்கணினிகளும் ஒளிவீச்சுக் கருவிகளும் வந்திறங்கின. 2011இல் ஒன் பெஸ்தாரிநெட் வந்தது. 2019 ஜூன் மாதத்தோடு முடிந்தது. இடையில் அரசாங்கக் கணக்காய்வு அறிக்கை அதன் மெய்நிகர் கற்றல் தளத்தின் பயன்பாடு மிகக் குறைவு என்று சுட்டியது. பூட்டிய அலமாரிக்குள் தூசு படிந்த கருவிகளைக் கணக்கெடுப்பு நாளில் எண்ணிப் பார்த்த பள்ளிகள் உண்டு. வகுப்பறைக்கு என்ன வேண்டும் என்று வகுப்பறையைக் கேளாமல் வாங்கியதன் விளைவு அது. வீட்டிலும் அதே தவறு, அரசாங்கச் செலவுக்கு மாறாகச் சொந்தச் செலவில், நடைபெறுகின்றது.

இவ்வாறு சொல்வோரைப் புதுமையின் பகைவர் என்று ஒதுக்கிவிடுவது சிலருக்கு எளிது. வானொலி வந்தபோதும் தொலைக்காட்சி வந்தபோதும் இவ்வாறுதான் முணுமுணுத்தனர் என்பர். மலேசியத் தமிழர் வரலாறு அதற்கு இடம் கொடாது. 1985ஆம் ஆண்டில், உலகத் தமிழர் பலர் கணினியைக் கண்ணால் காணாத காலத்தில், மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். 2005இல் அவருடைய செல்லினம் கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்தது. கருவியைக் கண்டு அஞ்சிய சமுதாயம் அன்று இது. கருவியைத் தன் மொழிக்கு வளைத்த சமுதாயம்.

அவ்வளைத்தல் இன்று நின்றுபோயிற்று என்பதே வருந்தத்தக்கது. அமேசானின் பேசும் கருவி 2014இல் வெளிவந்தது. 2019இல் அதற்கு இந்தி கற்பிக்கப்பட்டது. தமிழ் அப்போது சேர்க்கப்படவில்லை. தமிழ் ஒலியைக் கணினி அறிய முடியாது என்று எவரும் சொல்லவும் முடியாது; 2017ஆம் ஆண்டிலேயே கூகுளின் குரல்வழித் தட்டச்சு தமிழை ஏற்றுவிட்டது. முடியாமை அன்று, கேட்பார் இல்லாமையே. ஆகவே தமிழர் வீட்டுக் கூடத்தில் பேரன் ஆங்கிலத்தில் ஆணையிட்டால் விளக்கு எரிகின்றது. பாட்டி தமிழில் சொன்னால் எரிவதில்லை. பாட்டி பேசுவது விளக்கிற்கே புரியாத மொழி என்று அக்குழந்தை அறிந்துகொள்கின்றது. அடுத்த முறை அவர் ஏதேனும் சொல்லும்போது அதுவே முந்திக்கொண்டு ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்கின்றது. தமிழ்ப்பள்ளிகள் ஆறு ஆண்டுகள் உழைத்து ஊட்டும் பற்றைக் கைப்பிடி அளவுள்ள ஓர் ஒலிபெருக்கி மாலைதோறும் உரசிக்கொண்டிருக்கின்றது. பிரிக்பீல்ட்ஸின் பார்வையற்ற தமிழ் முதியவர்க்குக் கண்ணாக வேண்டிய கருவியும், அவர் ஆங்கிலமோ வேறு மொழியோ பேசினால்தான் கண்ணாகின்றது.

வாங்குவோர் கேட்டால் விற்போர் மேலிடத்திற்குச் சொல்வர். கேட்கும் கூட்டம் சிறிதென்று சொல்வதற்கில்லை. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் தெரு கொள்ளாத மக்கள் வருகின்றனர். புடவைக் கடையில் நூலைப் பிரித்துப் பார்த்தும், நகைக் கடையில் மாற்றை உரைத்துப் பார்த்தும் வாங்கும் அதே மக்கள், திறன் கருவியின் பெட்டியைக் கையில் எடுக்கும்போது விலை என்ன, தள்ளுபடி எவ்வளவு, வெள்ளை நிறம் இருக்கின்றதா என்ற அளவோடு நின்றுவிடுகின்றனர். 'இதற்குத் தமிழ் தெரியுமா? இது பார்ப்பதை யாரிடம் சொல்லும்?' என்று கடைக்காரரிடம் கேட்பதற்குக் கூடுதலாக ஒரு நிமிடம்கூட ஆகாது.